நாற்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தொன்றுக்கு

நெல் மூட்டையை எடை மேடையிலிருந்து இறக்கிய ஆனந்தராஜ், அடுத்த மூட்டையைத் தூக்காமல் தங்கையைப் பார்த்துத் தலையை அசைத்தான். பிரகதீஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு மேடையின்மேல் ஏறி நின்றாள்.

பிற்பகல் மூன்று மணி. திருவரங்குளத்துக்குக் கிழக்கே இருந்த அவர்கள் ஊரின் நெல் கொள்முதல் நிலையத்தில் அன்று நாற்பது பேருக்குமேல் முறைக்குக் காத்திருந்தார்கள். முந்தைய நாள் இரவிலிருந்து பிரகதீஸ்வரி தண்ணீர் குடிக்கவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்தால் தலை சுற்றும் என்பதால் எதிரே இருந்த தார்ப்பாயைப் பார்த்தபடி நின்றாள். எண்ணைப் படிக்கும் வேலையை அண்ணனிடம் விட்டிருந்தாள்.

“நாப்பத்தெட்டு நானூத்தெழுவது,” என்றான் ஆனந்தராஜ்.

“ஈரப்பதம் பாத்தியாப்பா?” என்று மூட்டைமேல் சாய்ந்திருந்த மூக்கன் கேட்டார். இரண்டு நாளாக நெல்லோடு அங்கேயே படுத்திருப்பவர். “பதினேழுக்கு மேல இருந்தா எங்க நெல்ல மாதிரி திருப்பி அனுப்பிருவானுங்க.”

“நாலு நாளா காயப்போட்டுத்தான் கொண்டாந்திருக்கோம் சித்தப்பா.”

“பாத்தாத் தெரியுது. ஆத்தா, கருக்கா பதரா ஆகிறப் போறே.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பிரகதீஸ்வரிக்கும் சிரிக்க வேண்டும் போலிருந்தது; உதடு வெடித்திருந்ததால் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருச்சியில், மாநிலக் குத்துச்சண்டைப் போட்டியின் நாற்பத்தெட்டுக் கிலோப் பிரிவுக்கு அவள் எடை காட்ட வேண்டும். வழக்கமாகப் பயிற்சியாளரின் அறையிலிருக்கும் இயந்திரத்தில்தான் கடைசி எடையைப் பார்ப்பாள். இம்முறை அந்த இயந்திரம் அணியின் மற்ற பொருள்களுடன் முதல்நாளே திருச்சிக்குப் போய்விட்டது. மருந்துக் கடைகளில் இருப்பவை அரைக் கிலோவைத் தாண்டி நுணுக்கம் சொல்லாதவை. “எங்க மெஷினு பத்துக் கிராமுகூடத் தப்பாது பாப்பா, இங்கிட்டு வா,” என்று அழைத்தவன் ஆனந்தராஜ்தான். அவன் அங்கே சுமை தூக்குபவன். அந்த இயந்திரத்தின் நேர்மையைப் பற்றி அவனுக்கு ஐயமே இல்லை.

பிரகதீஸ்வரி மனத்துக்குள் கூட்டிக் கழித்தாள். உடுத்தியிருக்கும் சுடிதாருக்கு முந்நூறு கிராம் போனால் நாற்பத்தெட்டே கால்கூட இல்லை. இரவில் உறங்கும்போது மூச்சிலும் வியர்வையிலும் முந்நூற்றெழுபது கிராம் குறையும். ஒன்பது ஆண்டுகளில் அது ஒருமுறையும் மாறியதில்லை. அப்படியானால் இருநூறு கிராம் உள்ளே போகலாம். வீட்டுக்குத் திரும்பியதும் அரை இட்லியை மெதுவாக மென்று தின்றாள். அரை டம்ளருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் குடித்தாள். ஒவ்வொரு மிடறையும் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினாள்.

அவளுடைய தாய் சொர்ணம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே துணி மடித்தாள். எதற்காக இப்படி என்று கேட்பதை அவள் நிறுத்திச் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. “பஸ்ஸுல சன்னல் ஓரமா ஒக்காராத, காத்து ஒத்துக்காது,” என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

*

பிரகதீஸ்வரி குத்துச்சண்டைக்கு வந்தது பதினெட்டாவது வயதில், புதுக்கோட்டையில் கல்லூரி முதலாண்டு படிக்கும்போது. அப்போது அவளுடைய எடை நாற்பத்தொன்பது. இரண்டு வேளை உணவைக் குறைத்தாலே நாற்பத்தெட்டுக்கு வந்துவிடுவாள். பயிற்சியாளர் அடைக்கலம் ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். திருக்கோகர்ணத்தில் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, காலை இரண்டு மணி நேரம் பயிற்சி கொடுத்துவந்தார்.

மாநிலப் போட்டிக்கு ஒரு மாவட்டத்திலிருந்து எடைப் பிரிவுக்கு ஒருவர்தான் போக முடியும். ஐம்பத்தொரு கிலோவில் ஷர்லி இருந்தாள். மணமேல்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி. விடுதியில் பிரகதீஸ்வரியின் அறைத்தோழி. தேர்வில் இருவரும் மோதினால் ஒருத்தி வீட்டில் இருக்க வேண்டும். ஒருத்தி நாற்பத்தெட்டுக்கு இறங்கினால் இருவரும் போகலாம். அடைக்கலம் இப்படிக் கணக்கிட்டார். அதில் தவறு கண்டுபிடிக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை, பிரகதீஸ்வரிக்கும் தோன்றவில்லை. இறங்கக்கூடியவள் அவள்தான் என்பதால் அவள் இறங்கினாள்.

உடல் அந்த ஏற்பாட்டை மதிக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் அவள் ஐம்பத்தொரு கிலோ இருந்தாள், இருபத்தைந்தில் ஐம்பத்துமூன்று. ஆண்டுக்கு இரண்டு போட்டிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் முன்பே சோறு போகும், ஒரு வாரம் முன்பு உப்பு போகும், கடைசி நாளில் தண்ணீர் போகும். யூரியா மூட்டையின் உள்ளுறையான பிளாஸ்டிக் பையில் தலைக்கும் கைகளுக்கும் துளையிட்டு அணிந்துகொண்டு, அதன்மேல் ஸ்வெட்டர் போட்டு உச்சி வெயிலில் கயிறு தாண்டுவாள். புளி மிட்டாயை வாயில் அடக்கி, ஊறும் எச்சிலை ஒரு பாட்டிலில் துப்புவாள். பாட்டில் நிறைந்தால் கால் கிலோ. மாதவிலக்கு சில வேளை நான்கு மாதம் வராது. தலைமுடி சீப்போடு வந்தது. சித்திரை மாதத்திலும் போர்வை தேவைப்பட்டது.

இவற்றையெல்லாம் அவள் புதுக்கோட்டைக் கீழராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நின்றபடி செய்தாள். காலை ஒன்பதரை முதல் இரவு ஒன்பது வரை நிற்க வேண்டிய வேலை அது. வாடிக்கையாளர்களுக்கு வாங்கிவரும் குளிர்பானப் பாட்டிலின் மூடியைத் திறக்கும்போது எழும் சிறு ஓசை, அந்த நாட்களில் அவளுக்குக் கடையின் மறுமூலை வரை கேட்கும்.

எடை குறையாமல் போனதே இல்லை. போன ஆண்டு திண்டுக்கல்லில் ஒரு மணி நேரத்தில் எண்ணூறு கிராம் இறக்கினாள். எடை மேடையில் நாற்பத்தேழு தொள்ளாயிரம் காட்டியபோது அடைக்கலம் கைதட்டினார். அன்று மாலை, இரண்டாவது சுற்றின் நடுவில் அவளுடைய கால்கள் நின்றுவிட்டன. வலி இல்லை, பயம் இல்லை. குத்து வருவது தெரிந்தது, விலகத் தெரிந்தது, விலகுவதற்கு எதுவும் மிச்சமில்லை. முன்பு இருமுறை தான் வென்றிருந்த கடலூர்ப் பெண்ணிடம் தோற்றாள்.

இந்த ஆண்டு தோற்க முடியாது. அரசுத் துறை ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் எழுத்தர் பணிக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் மாநிலப் போட்டியில் வாங்கிய பதக்கம் இருக்க வேண்டும். அவளிடம் இருந்த ஒரே வெண்கலம் நான்கு ஆண்டுப் பழையது. வயது இருபத்தேழு, ஜூன் மாதத்தோடு வரம்பு முடிகிறது. நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை என்பதுதான் அந்த அறிவிப்பில் அவள் மனத்தை முதலில் தொட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஷர்லி திருமணமாகி, குழந்தை பெற்று, ஆட்டத்தை விட்டு இரண்டு ஆண்டுகளாகின்றன. ஐம்பத்தொன்றில் மாவட்டத்தின் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிரிவில் மாநிலம் முழுவதும் பதினான்கு, பதினைந்து பேர் வருவார்கள். நாற்பத்தெட்டில் ஆறு பேர் வந்தால் அதிகம். ஒரே ஒரு வெற்றியில் வெண்கலம் கிடைத்துவிடும். அடைக்கலம் விண்ணப்பத்தில் நாற்பத்தெட்டு என்று எழுதினார்; பிரகதீஸ்வரி கையெழுத்துப் போட்டாள்.

*

பெண்கள் அணியோடு ஒரு பெண் மேலாளர் போக வேண்டும் என்பது விதி. வேறு ஆள் கிடைக்காததால் அடைக்கலம் ஷர்லியை அழைத்திருந்தார். குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு அவள் மணமேல்குடியிலிருந்து வந்து, புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தாள்.

“என்னடி இது, துவைச்சுப் பிழிஞ்ச துணி மாதிரி வாரே,” என்றாள்.

பிரகதீஸ்வரி பையைக் கீழே வைத்துவிட்டு வாயைத் திறக்கப்போனாள்.

“பேசாத. பேசுனா எச்சி வீணாப் போயிரும். தலைய மட்டும் ஆட்டு. வெயிட்டு வந்திருச்சா?”

ஆட்டினாள்.

“கல்யாணத்துக்கு அப்புறம் நான் எவ்வளவு தெரியுமா? அறுபத்தி நாலு. எங்க மாமியா இன்னும் எலும்புதான் தெரியுதுன்னு மீனா வறுத்துத் தட்டுல தள்ளுது.” சொல்லிவிட்டு, தோழியின் முகத்தைப் பார்த்துப் பேச்சை மாற்றினாள். “சரி, சாப்பாட்டப் பத்திப் பேசல. வா, பஸ்ஸு நிக்குது.”

திருச்சியில் தங்கியிருந்த அறையில் பிரகதீஸ்வரி ஒன்பது மணிக்கே படுத்தாள். உறக்கம் வந்தது. எடை சரியாக இருக்கிறது என்ற நிம்மதியில், பல ஆண்டுகளுக்குப் பின் போட்டிக்கு முந்தைய இரவில் வந்த உறக்கம் அது.

*

மருத்துவப் பரிசோதனை முடிந்து எடை பார்க்கும் அறைக்குள் போனபோது மணி ஏழு பத்து. மேலாடைகளைக் களைந்துவிட்டு இயந்திரத்தின்மேல் ஏறினாள். இம்முறை எண்ணை அவளே பார்த்தாள். நாற்பத்தெட்டு அறுநூறு.

இறங்கி, மறுபடி ஏறினாள். அதே எண்.

“அறுநூறு கிராம் ஜாஸ்தி,” என்றார் மேசையிலிருந்த பெண் நடுவர். வருத்தமோ கடுமையோ இல்லாத குரல். “எட்டு மணி வரைக்கும் டைம் இருக்கும்மா. கொறைச்சிட்டு வா.”

வெளியே வந்து சொன்னதும் அடைக்கலம் தன் அணியின் இயந்திரத்தைச் சுவரோரம் வைத்து அவளை ஏற்றிப் பார்த்தார். அதுவும் அதையே சொன்னது. பிரகதீஸ்வரி அண்ணனை அழைத்தாள்.

“அண்ணே, நேத்து என்ன நம்பர் சொன்னே?”

“நாப்பத்தெட்டு நானூத்தெழுவது. ஏன் பாப்பா?”

“இங்க அறுநூறு கிராம் கூடக் காட்டுது.”

“அங்கிட்டு மெஷினு கோளாறா இருக்கும். எங்க மெஷின்ல…” அவன் நிறுத்தினான். பின்னால் சுமைக்காரர்களின் பேச்சொலி கேட்டது. “பாப்பா, நீ ஏறுறதுக்கு முன்னாடி நான் ஜீரோ பண்ணலையே.”

“என்ன ஜீரோ?”

“காலையில மெஷினப் போட்டதும் வெறுஞ்சாக்க வச்சு, அந்த எடையக் கழிச்சு வச்சிருவோம். அப்பத்தான் மூட்டைய வச்சா நெல்லு மட்டும் காட்டும். சாக்கு ஐநூத்தி எம்பது கிராமு.”

“மேடை சும்மா இருக்கயில தெரியாதா ஒனக்கு?”

“மைனஸ்லதான் நிக்கும். தெனமும் அதையே பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்கு அதான் ஜீரோ மாதிரி ஆயிப்போச்சு. தோணவே இல்ல பாப்பா.”

ஆடைக்கு முந்நூறு கிராமைக் கழிக்கத் தெரிந்த அவளுக்கு, போர்த்தாத சாக்கைக் கூட்டத் தெரியவில்லை.

“சரிண்ணே. மூட்டையப் பாரு,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஷர்லி, “மெஷினு ஒன்னய சாக்குக்குள்ள இருக்கிற நெல்லுன்னு நெனச்சிருச்சு,” என்றாள். சிரிப்பதற்காகச் சொன்னாள்; இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அடைக்கலம் பையிலிருந்து யூரியா உறையையும் ஸ்வெட்டரையும் எடுத்து நீட்டினார். “நாப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கும்மா. அறுநூறு கிராம் ஒரு விஷயமா? போன வருஷம் எண்ணூறு எறக்கல?”

“அன்னைக்குச் சாயங்காலம் ரிங்குல என்ன ஆச்சு சார்?” என்று ஷர்லி கேட்டாள்.

“நீ சும்மா இரு.”

பிரகதீஸ்வரி உறையை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போனாள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஆவி பரவிய அந்தச் சிறிய இடத்தில் கயிறு தாண்டினாள். நூறு. இருநூறு. முந்நூறுக்குப் பிறகு எண்ணவில்லை. இதயம் காதுக்குள் அடித்தது. உறையின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தாள், காய்ந்திருந்தது. நெற்றியில் கை வைத்தாள்; அனலாக இருந்தது, ஈரம் இல்லை. புளி மிட்டாயை வாயிலிட்டாள். அது கல்லைப் போல நாக்கின்மேல் கிடந்தது, எச்சில் ஊறவில்லை. மறுபடி கயிற்றை எடுத்து, இருபது தாண்டல்களில் கால் தடுக்கிச் சுவரில் சாய்ந்தாள்.

இருபத்தைந்து நிமிடம் கழித்து அடைக்கலத்தின் இயந்திரத்தில் நின்றபோது நாற்பத்தெட்டு ஐநூற்றிருபது. எண்பது கிராம் இறங்கியிருந்தது.

அவள் நடைகூடத்துத் தரையில் உட்கார்ந்தாள். தரை குளிர்ச்சியாக இருந்தது. சற்றுத் தள்ளி, அவளைப் போலவே ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் சுவரைப் பார்த்துக்கொண்டு பாட்டிலில் துப்பிக்கொண்டிருந்தாள். கடலூர்ப் பெண். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், யாரும் தலையசைக்கவில்லை.

ஷர்லி அருகில் வந்து குந்தினாள். “அம்பத்தொண்ணு காலியாத்தான் இருக்கு. மொத நாள் வெயிட்டு முடியிறதுக்குள்ள கேட்டா மாத்தி எழுதிருவாங்க. ரூல்ல இருக்கு. மேனேஜர் நானு, நான் கையெழுத்துப் போடுறேன்.”

“பைத்தியமா ஒனக்கு?” என்றார் அடைக்கலம். “அம்பத்தொண்ணுல பதினாலு பேரு வந்திருக்காங்க. ரெண்டு பேர அடிச்சாத்தான் வெண்கலம். ரெண்டாவதா வர்றவ போன வருஷத்துச் சாம்பியனா இருப்பா. நாப்பத்தெட்டுல ஆறே பேரு. ஒரே ஒரு ஜெயிப்பு போதும்.”

“அந்த ஒரு ஜெயிப்புக்கு வேண்டியது என்கிட்ட இல்ல சார்,” என்றாள் பிரகதீஸ்வரி.

“இன்னும் இருபது நிமிஷம்…”

“வேர்வையே வரல சார். உள்ள இருந்தாத்தான வரும்.”

அடைக்கலம் அவள்முன் உட்கார்ந்தார். அவருடைய முழங்கால் மடங்கும்போது சத்தமிட்டது. “நான் ஒன் வேலைக்காகத்தாம்மா சொல்றேன். இது போனா அடுத்து இல்ல.”

“தெரியும் சார்.”

“அப்ப?”

“ஒம்பது வருஷமா நாப்பத்தெட்டுக்கு வந்துட்டேன். வந்து, வந்து, ரிங்குக்குள்ள போறப்ப காலியாத்தான் போறேன். தோக்குறதுன்னாலும் கொஞ்சம் எதையாவது வச்சுக்கிட்டுப் போறேன் சார்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எழுந்துபோய் நடைகூடத்தின் மறுமுனையில் நின்றார். ஷர்லி விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மேசையிலிருந்த நடுவர் நாற்பத்தெட்டை அடித்து ஐம்பத்தொன்று என்று எழுதினார். இயந்திரத்தைப் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ரெண்டரைக் கிலோ கம்மியா இருக்கியேம்மா. இந்த வெயிட்ல ஆடிருவியா?”

“சாப்பிட்டா வந்துரும் மேடம்.”

*

சாப்பிடுவது எளிதாக இல்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை முதல் டம்ளர் குடித்ததும் வாந்தி எடுத்தாள். பிறகு ஷர்லி கரண்டியால் கொடுத்தாள். பதினோரு மணிக்குக் கஞ்சி. ஒரு மணிக்குத் தயிர்ச்சோறு. மூன்று மணிக்கு இரண்டு வாழைப்பழம். ஒவ்வொன்றுக்கும் பிறகு அரை மணி நேரம் கண்களை மூடிக் கிடந்தாள். நான்கு மணிக்குச் சிறுநீர் கழித்துவிட்டு வந்து, “மஞ்சள் கொறைஞ்சிருச்சு,” என்றாள்.

“பெரிய சாதனை,” என்றாள் ஷர்லி. “பேப்பர்ல போடச் சொல்லுவோம்.”

மாலை ஐந்தரைக்கு நாமக்கல் பெண்ணோடு முதல் ஆட்டம். சுற்றுக்கு மூன்று நிமிடம், மூன்று சுற்று. எதிராளி அவளைவிட அரைச் சாண் உயரம், தோள்கள் அகலம். முதல் சுற்றில் ஒரு வலக்கை குத்து பிரகதீஸ்வரியின் தலைக்காப்பின்மேல் விழுந்தபோது, இந்தப் பிரிவில் குத்துக்கு எடை வேறு என்பது புரிந்தது. நாற்பத்தெட்டில் அப்படி யாரும் அடித்ததில்லை. ஆனால் அந்தப் பெண் மெதுவாகத் திரும்புபவள். பிரகதீஸ்வரி ஒன்பது ஆண்டுகளாக வேகமான சிறிய பெண்களோடு ஆடியவள். உள்ளே நுழைந்து இரண்டு குத்து, வெளியே, உள்ளே, வெளியே. கால்கள் கனத்திருந்தன, எனினும் கேட்டதைச் செய்தன. ஐந்து நடுவர்களில் நான்கு பேர் அவளுக்குத் தந்தார்கள்.

அடைக்கலம் அவளுடைய கையுறைகளைக் கழற்றினார். “இன்னும் ஒண்ணு,” என்றார். காலையிலிருந்து அவர் அவளிடம் பேசிய முதல் சொற்கள் அவை.

மறுநாள் காலை எடை ஐம்பது நானூறு. பிரிவுக்கு அறுநூறு கிராம் கீழே. நடைகூடத்தில் நான்கு இட்லியோடு உட்கார்ந்தாள். போட்டி நாளின் காலையில் தட்டும் கையுமாக உட்கார்வது அவளுக்குப் புதிது; யாராவது வந்து பிடுங்கிக்கொள்வார்கள் போல அவசரமாகத் தின்றாள். இரண்டாவது இட்லியில் தலை நிமிர்ந்தபோது, எதிர்ச் சுவரோரம் கடலூர்ப் பெண் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அந்தப் பெண் தட்டைப் பார்க்கவில்லை, பார்க்காமலிருக்க முயன்றுகொண்டிருந்தாள். பிரகதீஸ்வரி தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் பின்னால் போய் மீதியைத் தின்றாள்.

காலிறுதி பிற்பகலில். அடைக்கலம் சொன்னபடியே வந்தாள் எதிராளி: போன ஆண்டின் சாம்பியன், வடசென்னைப் பெண். கன்னங்கள் ஒடுங்கியிருந்தன. “இவளும் எறங்கி வந்தவதான். அம்பத்தஞ்சு, அம்பத்தாறு இருப்பா,” என்று ஷர்லி காதருகே சொன்னாள். “மொத ரவுண்டு எப்படியும் அவதான் அடிப்பா. தாங்கு. மூணாவதுல இருக்கு ஒனக்கு.”

முதல் சுற்று அப்படியே போனது. நீளமான இடக்கை இரும்புக் கம்பியைப் போல முன்னால் நின்றது. அதைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. இரண்டாவதில் பிரகதீஸ்வரி குனிந்து நுழையும் இடத்தைக் கண்டுகொண்டாள். விலாவில் இரண்டு, முகத்தில் ஒன்று. சுற்று யாருடையது என்று சொல்ல முடியாதபடி முடிந்தது.

மூன்றாவது சுற்றுக்கு எழுந்தபோது அவள் கால்களை எண்ணிப் பார்த்தாள். இருந்தன. எதிரில் நின்றவளின் வாய் திறந்திருந்தது. உதட்டோரம் வெள்ளையாக நுரை காய்ந்திருந்தது. அந்த வெள்ளையைப் பிரகதீஸ்வரிக்குத் தெரியும். அவள் முன்னால் போனாள். குத்தினாள், நெருங்கினாள், மீண்டும் குத்தினாள். சாம்பியன் இருமுறை அவளைக் கட்டிப்பிடித்துத் தொங்கினாள், நடுவர் பிரித்துவிட்டார். கடைசி அரை நிமிடம் வரை பிரகதீஸ்வரி ஓயவில்லை. மணி அடித்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது, தலை சுற்றவில்லை.

முடிவை அறிவித்தார்கள். மூன்று நடுவர்கள் வடசென்னைப் பெண்ணுக்கு, இருவர் அவளுக்கு. முதல் சுற்று கனமாக விழுந்திருந்தது.

வடசென்னைப் பெண் கையுறையோடு அவள் தோளைத் தொட்டு, “நல்லா ஆடினக்கா,” என்றாள். அப்படிச் சொல்லிவிட்டு இறங்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள்.

*

ஆடை மாற்றும் அறையின் பெஞ்சில் உட்கார்ந்து கைக்கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அடைக்கலம் வாசலில் நின்று சொன்னார்.

“நாப்பத்தெட்டுல அந்தக் கடலூர்ப் புள்ளைக்கு வெண்கலம். நீ வெளிய வந்ததும் அஞ்சு பேராப் போச்சு. அவளுக்கு மொத ரவுண்டு ஆளே இல்ல. நேரா செமிஃபைனல். அதுல தோத்துட்டா. ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காம பதக்கம்.”

பிரகதீஸ்வரி துணியைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. “இன்னைக்காவது வயிறு நெறையச் சாப்பிடுவா சார்.”

“நேத்து ஒரு அரை மணி நேரம் பல்லக் கடிச்சிருந்தா…”

“சார்,” என்றாள் ஷர்லி.

அவர் நிறுத்திக்கொண்டார். அவருடைய கணக்கு தவறில்லை என்பது மூவருக்கும் தெரியும். வேர்வை வந்திருக்குமா, அதற்குப் பிறகு கால் நின்றிருக்குமா என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இனித் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. ஜூன் மாதத்துக்கு முன் வேறு மாநிலப் போட்டி கிடையாது.

பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் அவள் கடைக்குத் தொலைபேசினாள். மேலாளர் ஆத்மநாதன் எடுத்தார்.

“அண்ணே, பிரகதீஸ்வரி. ஞாயித்துக்கிழமை வரைக்கும் லீவு கேட்டிருந்தேன். நாளைக்கே வந்துர்றேன்.”

“என்னம்மா, ஜெயிச்சியா?”

“ஒண்ணு ஜெயிச்சேண்ணே. ஒண்ணு தோத்துட்டேன்.”

“அப்ப டிரா மாதிரிதானே,” என்றார் ஆத்மநாதன். அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். “வந்துரு. முகூர்த்த நாளு, பட்டு செக்‌ஷன்ல ஆளே இல்ல. ஒம்பதுக்கே வந்தாலும் நல்லது.”

“வாரேண்ணே.”

ஷர்லி பேருந்து நிலையத்தில் பரோட்டா பொட்டலம் ஒன்றை வாங்கிவந்தாள். குழந்தை அழுகிறது என்று தாயிடமிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்ததால், முதலில் புறப்பட்ட வண்டியில் ஏறிக்கொண்டாள். ஏறுமுன் தோழியின் தோளை ஒருமுறை அழுத்தினாள். “மூணாவது ரவுண்டு பாத்தேன்டி,” என்றாள்.

அடைக்கலமும் பிரகதீஸ்வரியும் அடுத்த வண்டியில் வந்தார்கள். அவர் அவளுக்கு முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தார். வண்டி ஊரைத் தாண்டியபின், திரும்பாமலே பேசினார்.

“ஆகஸ்ட்ல மண்டலப் போட்டி இருக்கு. வேலைக்கெல்லாம் அது ஆகாது. சும்மா ஆடணும்னா ஆடலாம்.”

“சரி சார்.”

“பேரு குடுக்கணும்னா அடுத்த மாசமே குடுக்கணும். எந்த வெயிட்ல எழுதட்டும்?”

அவள் பரோட்டாவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். விழுங்கிவிட்டுச் சொன்னாள். “அப்ப என்ன இருக்கேனோ, அதுல.”

“ஃபார்ம்ல நம்பர் கேப்பாங்கம்மா.”

“அம்பத்துமூணு இருப்பேன் சார். அம்பத்துநாலுன்னு போடுங்க.”

“அதுல எல்லாம் ஒன்னவிடப் பெரிய ஆளுக.”

“இருக்கட்டும் சார்.”

அடைக்கலம் சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்தார். வண்டி குலுங்கியதில் எழுத வரவில்லை. அதை விரித்தபடியே மடியில் வைத்திருந்தார். கீரனூர் வருவதற்குள் பிரகதீஸ்வரி பொட்டலத்தை முடித்து, காகிதத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு, முன்னிருக்கைக் கம்பியில் நெற்றியைச் சாய்த்து உறங்கிவிட்டாள்.